மூன்று மா

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 50-க்கு மேல். கொஞ்ச நாளுக்கு முன்புதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். உங்களைப் போலத்தான்.

ஒரு நாள் அவருடைய அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார். இறந்துபோன அப்பா எழுதிவைத்த பழைய உயிலின் நகல் அது.

"இங்க பாரு. உனக்கு மூணு மான்னு அப்பா எழுதியிருக்காரு. வரப்புல நிக்குற மூணு மாமரமும் உனக்குத்தாம்மா. காய்ச்சா நீயே பறிச்சுக்க. மத்தது என் பங்குன்னு ஒரு கையெழுத்துப் போடு."

அண்ணன் விரல் வைத்த இடத்தை அக்கா படித்தார். மூ, ன், று. மூன்று. அடுத்தது மா. மூன்று மா. எழுத்தில் பிழை இல்லை. அண்ணன் ஏமாற்றுகிறவரும் அல்ல. தான் சொல்வது சரி என்றுதான் அவரும் நினைத்தார். ஆனாலும் அக்காவுக்குப் பேனாவை எடுக்க மனம் வரவில்லை.

"கல்கத்தா போயிட்டு வந்து போடறேன் அண்ணே. மருமகளுக்கு மாசம் நெருங்கிடுச்சு. இந்த நகல் என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவருடைய மகன் கொல்கத்தாவில் வேலை பார்க்கிறார். அந்த நகரத்தின் பெயரை 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று மாற்றினார்கள். நம் ஊரில் பலருக்கு அது இன்னும் கல்கத்தாதான்.

அக்கா ரயில் ஏறுவதற்குள் நாம் அந்த மாவைப் பார்த்துவிடுவோம்.

ஓர் எழுத்து, பல பொருள்

ம எழுதுங்கள். பக்கத்தில் துணைக்கால் போடுங்கள். மா. எழுத்து ஒன்றுதான். ஆனால் அதுவே ஒரு முழுச் சொல். பூ, தீ, கை, வா, போ போன்றவையும் இப்படிப்பட்ட சொற்களே. நன்னூல் என்ற பழைய இலக்கண நூல், இத்தகைய ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்குச் சொல்கிறது.

மா என்றால் என்ன? மாமரம் என்பீர்கள். சரிதான். மாவிலை, மாங்காய், மாம்பழம் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கடையில் மா கேட்டால் மாங்காய் தரமாட்டார்கள். மாவைக் கட்டித் தருவார்கள். நாம் கோதுமை மாவு என்கிறோம். அவர்கள் கோதுமை மா என்கிறார்கள். அவர்களும் தமிழர்கள்தாம், பேசுவதும் தமிழ்தான்.

பழைய பாட்டுகளில் மா என்றால் விலங்கு. குதிரைக்கும் அந்தப் பெயர் உண்டு. யானைக்கும் உண்டு. மாநகரம், மாநாடு என்று சொல்லும்போது மா என்றால் பெரிய என்று பொருள்.

இன்னும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. இவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காசும் நிலமும் சம்பந்தப்பட்ட பொருள்கள் இவை.

நம் பாட்டன் காலத்துக் கணக்கில், ஒன்றை 20 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மா. அதில் பாதி அரைமா. அதாவது 40-இல் ஒரு பங்கு. நாலுமா என்றால் 5-இல் ஒரு பங்கு.

நிலத்துக்கும் மா உண்டு. தஞ்சைப் பக்கம் 100 குழி சேர்ந்தால் ஒரு மா. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. ஒரு குழி என்பது 12 அடி நீளம், 12 அடி அகலம். அதாவது 144 சதுர அடி. அப்படியானால் ஒரு மா என்பது 14,400 சதுர அடி. சென்ட் கணக்கில் சொன்னால் சுமார் 33 சென்ட். மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர்.

இப்போது அந்த உயிலை மறுபடி படியுங்கள். மூன்று மா. மூன்று மாமரமா? ஓர் ஏக்கர் நிலமா? இருபதில் மூன்று பங்கா?

எழுத்து ஒன்றுதான். ஆனால் மரத்துக்கும் ஏக்கருக்கும் எவ்வளவு தூரம்!

(பட்டாவிலும் இப்படி ஒரு சொல் உண்டு. இன்றைய பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போட்டிருக்கும். அந்த ஏர் மாடு பூட்டி உழுகிற ஏர் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அளவின் பெயர். 100 சதுர மீட்டர் ஓர் ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர்.)

ரயிலில் வந்த மா

சென்னை சென்ட்ரலில் அக்கா ஹவுரா மெயிலில் ஏறினார். கூட்டிப்போக மகன் வந்திருந்தார். சுமார் 1,660 கிலோமீட்டர் போகவேண்டும். ஒரு நாளுக்கும் மேல் ஆகும்.

ஆந்திராவில் ஒரு குடும்பம் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தது. அந்த அம்மா பேச்சுக் கொடுத்தார். "மா ஊரு விஜயவாட" என்றார்.

மா ஊரா? மாமரம் நிறைய உள்ள ஊர் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தார். மகன் சிரித்தார். "தெலுங்குல மான்னா எங்கள்னு அர்த்தம்மா. எங்க ஊர் விஜயவாடான்னு சொல்றாங்க."

நாம் எங்கள் ஊர் என்றும் சொல்கிறோம், நம் ஊர் என்றும் சொல்கிறோம். கேட்கிறவரைச் சேர்க்காமல் பேசினால் எங்கள். சேர்த்துப் பேசினால் நம். தெலுங்கிலும் அப்படியே. எங்கள் என்பதற்கு மா. நம் என்பதற்கு மன.

ஒடிசாவில் கட்டாக் தாண்டியதும் ஒரு சின்னக் குழந்தை "மா, மா" என்று அழுதது. அதற்கு யாரும் அர்த்தம் சொல்லவேண்டி இருக்கவில்லை.

கொல்கத்தாவில்

மகன் குடியிருந்தது லேக் மார்க்கெட் பக்கம். அங்கே பல தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி தாத்தா. மருமகள் வாசலுக்கு வந்ததும் அவர் "எஷோ மா, போஷோ" என்றார். வா மா, உட்கார் என்று அர்த்தம்.

அக்காவுக்கு வியப்பு. வங்காளத்தில் மா என்றால் தாய் என்று மகன் சொல்லியிருந்தார். இந்தத் தாத்தாவுக்கு 70 வயது இருக்கும். என் மருமகளுக்கு 24. இவளைப் போய் அவர் தாய் என்கிறாரே!

"என்னம்மா சொல்றாரு அவரு?" என்று மருமகளிடம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தானும் இப்போது மருமகளை அம்மா என்றுதானே கூப்பிட்டோம்!

வங்காளிகளும் நம்மைப் போலத்தான். பெற்றவளையும் மா என்பார்கள். பெற்ற மகளையும் செல்லமாக மா என்பார்கள். மருமகள் பௌமா. அம்மாவின் சகோதரி மாஷி, மரியாதையாகக் கூப்பிட்டால் மாஷிமா. முன்பின் தெரியாத வயதான பெண்ணையும் மாஷிமா என்று அழைப்பார்கள். அக்காவை பஸ் கண்டக்டர் அப்படித்தான் கூப்பிட்டார். துர்க்கை மா துர்கா. காளி மா காளி. தாய்மாமன் அங்கேயும் மாமாதான். நாம் நிலாவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது அம்புலி மாமா என்கிறோம். அவர்கள் சாந்த் மாமா என்கிறார்கள்.

ஆனால் மாமா என்ற சொல்லை நம்பி ரொம்ப தூரம் போய்விடாதீர்கள். ஜார்ஜியா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மாமா என்றால் அப்பா! நமக்குப் பக்கத்தில் உள்ள சிங்கள மொழியில் மம என்றால் நான். அதையே நீட்டி மாமா என்றால் மாமன். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது.

ஒரு நாள் மகனோடு கடைத்தெருவுக்குப் போனார். ஓர் இடத்தில் ஏழை எளியவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மேலே ஒரு பலகை.

"அதுல என்னப்பா எழுதியிருக்கு?"

"மான்னு எழுதியிருக்கும்மா. மா கேன்டீன்."

கொல்கத்தாவில் 2021 பிப்ரவரியில் தொடங்கிய உணவகங்கள் அவை. அப்போது 5 ரூபாய்க்குச் சோறு, பருப்பு, காய்கறி, முட்டை கொடுத்தார்கள். சென்னையில் 2013-இல் தொடங்கிய அம்மா உணவகம் அக்காவின் நினைவுக்கு வந்தது. பசித்தவருக்குச் சோறு போடும் இடத்துக்கு இரண்டு ஊரிலும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். கொல்கத்தாவில் 2015-இல் திறந்த பெரிய மேம்பாலம் ஒன்றின் பெயரும் மா.

அக்கா அந்தப் பலகையை விடவில்லை. உற்றுப் பார்த்தார். முதலில் ஓர் எழுத்து. அது ம-வாக இருக்கவேண்டும். அதன் வலப்பக்கம் நேராக ஒரு கோடு.

"அந்தக் கோடு நம்ம துணைக்கால் மாதிரியா?"

"ஆமாம்மா. நமக்குத் துணைக்கால். இவங்களுக்கு ஆகார்."

அன்றைக்கு அக்கா வங்காள எழுத்தில் ஒரு சொல் படித்துவிட்டார். இந்த எழுத்துகளை வங்காளிகள் பல தலைமுறைகளாக ஒரு சின்னப் புத்தகத்தில் கற்றார்கள். ஈசுவர சந்திர வித்யாசாகர் 1855-இல் எழுதிய புத்தகம் அது. கிராமத்திலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து வந்தபோது, மைல்கல்லைப் பார்த்துப் பார்த்தே அவர் ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். அப்போது அவர் சிறுவன்.

ஏன் இப்படி?

தமிழில் அம்மா, வங்காளத்தில் மா, வடமொழியில் மாதா, ஆங்கிலத்தில் மதர். ஏன் எல்லாவற்றிலும் ம வருகிறது?

இதற்கு ஒரு பதில் கொல்கத்தாவில் பிறந்தது. வில்லியம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே நீதிபதியாக இருந்தார். 1784-இல் ஆசியக் கழகம் என்ற அறிஞர் சபையைத் தொடங்கினார். 1786-இல் அந்தச் சபையில் பேசும்போது, வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே தாய்மொழியிலிருந்து வந்திருக்கவேண்டும் என்றார். தாய் என்பதற்கு வடமொழியில் மாத்ரு என்று ஒரு சொல் உண்டு. லத்தீனில் மாட்டர். பாரசீகத்தில் மாதர். இவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். வங்காளமும் ஆங்கிலமும் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் தமிழ் அந்தக் குடும்பம் இல்லை. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றோடு சேர்ந்த வேறு குடும்பம். பிறகு அம்மாவில் ம எப்படி வந்தது?

கைக்குழந்தையைக் கவனியுங்கள். உதட்டை மூடித் திறந்தாலே மா என்று சத்தம் வந்துவிடும். நாக்கைப் புரட்ட வேண்டாம், பல்லும் வேண்டாம். பால் குடிக்கும்போதும் குழந்தையின் மூக்கு வழியாக ம்ம் என்று ஓர் ஒலி வரும். பிறகு பசித்தாலும் அந்த ஒலியையே எழுப்பும். பக்கத்தில் இருக்கும் தாய், என்னைத்தான் கூப்பிடுகிறது என்று ஓடி வருவாள். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியறிஞர் இப்படித்தான் விளக்கினார். பிள்ளை பெற்றவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

சில ஒற்றுமைகளுக்கு உறவும் காரணமில்லை, குழந்தையும் காரணமில்லை. அவை சும்மா பொருந்திப்போனவை. கொல்கத்தாவில் டிரெட்டி பஜார் என்று ஓர் இடம் உண்டு. 200 ஆண்டுகளுக்கும் மேலாகச் சீனர்கள் கொல்கத்தாவில் வாழ்கிறார்கள். இப்போது எண்ணிக்கை குறைந்துவிட்டது. அவர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஹக்கா என்ற மொழி. சீன நாட்டின் பொதுமொழி வேறு. அந்தப் பொதுமொழியில் மா என்ற ஒலி குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். குரலை ஒரே உயரத்தில் வைத்தால் தாய். கீழிருந்து மேலே ஏற்றினால் ஒரு நார்ச்செடி. இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று மேலிருந்து இறக்கினால் திட்டு. பழந்தமிழிலும் மா குதிரை, சீனத்திலும் மா குதிரை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. வடமொழியிலோ மா என்றால் வேண்டாம், கூடாது என்றும் ஒரு பொருள் உண்டு!

தாத்தாவின் நிலம்

பேரன் பிறந்தான். பக்கத்து வீட்டுத் தாத்தா இனிப்போடு வந்தார். பேச்சு நிலத்தைப் பற்றிப் போனது. தாத்தா மூன்று விரலைக் காட்டி, "ஆமார் தின் பிகா ஜொமி" என்றார்.

தின் என்கிறாரே, இன்னும் ஓர் இனிப்பைத் தின்னச் சொல்கிறார் என்று அக்கா தட்டைக் கையில் எடுத்தார். வங்காளத்தில் தின் என்றால் மூன்று. எனக்கு மூன்று பிகா நிலம் உண்டு என்றுதான் தாத்தா சொன்னார்.

"பிகான்னா எவ்வளவுப்பா?"

மகன் தாத்தாவிடம் கேட்டுச் சொன்னார். "கொல்கத்தா கணக்குல 720 சதுர அடி ஒரு காட்டா. 20 காட்டா ஒரு பிகா."

அக்கா பெருக்கிப் பார்த்தார். 720-ஐ 20-ஆல் பெருக்கினால் 14,400. அவருக்கு எங்கோ கேட்ட எண் மாதிரி இருந்தது. 144 சதுர அடி ஒரு குழி. 100 குழிக்கு 14,400. அட, நம்ம ஒரு மா! தஞ்சாவூர் மாவும் கொல்கத்தா பிகாவும் ஒரே அளவு. ஒரு சதுர அடி கூட வித்தியாசம் இல்லை.

தாத்தா ஒன்று சொன்னார். காட்டா என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டு நிலம் வாங்கக்கூடாதாம். பீகாரிலும் காட்டா உண்டு. பாட்னா பக்கம் அது சுமார் 1,361 சதுர அடி. அசாமில் 2,880 சதுர அடி. எந்த ஊர்க் காட்டா என்று கேட்கவேண்டும்.

அன்று இரவு பேரன் தூங்கிய பிறகு அக்கா பையைத் திறந்தார். உயிலின் நகலை எடுத்தார். அண்ணன் விரல் வைத்த இடத்தை மட்டும்தான் அன்றைக்குப் படித்திருந்தார். இப்போது அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து படித்தார். பழைய கையெழுத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் ஆனது.

"வாய்க்காலுக்குத் தெற்கு நஞ்சை மூன்று மாவுக்குக் குழி 300."

குழி 300 என்பதை மறுபடியும் படித்தார். மறுபடியும்.

அண்ணனும் தங்கையும்

ஊருக்குத் திரும்பியதும் அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனார். பத்திரம் எழுதுபவரையும் கூட அழைத்துக்கொண்டார். காகிதத்தை அண்ணன் முன்னால் வைத்தார்.

"அண்ணே, இந்த வரி முழுசையும் ஒரு தடவை படிங்க."

அண்ணன் படித்தார். குழி 300 என்ற இடத்தில் நின்றார்.

"குழின்னா மரம் வைக்கத் தோண்டுறதுதானே?"

"மூணு மரத்துக்கு முந்நூறு குழி தோண்டுவாங்களா அண்ணே?"

பத்திரம் எழுதுபவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "நஞ்சைன்னு போட்டிருக்கு. குழிக் கணக்கும் போட்டிருக்கு. மரத்துக்கு இதெல்லாம் எழுதமாட்டாங்க. பங்குங்கிற சொல்லும் இல்லை. இது நிலம்தாங்க. ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவா வரும்" என்றார்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் மாமரம்னுதாம்மா நெனச்சேன். சின்ன வயசுல நீ எப்பவும் அந்த மரத்தடியிலேயே கிடப்பியே. அதான் அப்பா உனக்கு எழுதிட்டாருன்னு..." என்றார்.

"தெரியும் அண்ணே."

"அப்ப அந்த மரம் யாருக்கு?"

"வரப்புல தானே நிக்குது. காய் ரெண்டு வீட்டுக்கும்."

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் நிலத்தை எந்தச் சொல்லால் அளக்கிறார்கள்? பக்கத்து மாவட்டத்திலும் அதே அளவுதானா? விசாரித்து எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் உள்ள பட்டாவை அல்லது பத்திரத்தை எடுங்கள். ஒரு வரியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படியுங்கள். புரியாத சொல் எது? அதற்கு முன்னும் பின்னும் என்ன சொற்கள் இருக்கின்றன?

கால் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் தெரியும்? இந்தி தெரிந்தவரிடம் கல் என்றால் என்ன நாள் என்று கேளுங்கள். அவர் நேற்று என்பார். நாளை என்றும் சொல்வார். இரண்டும் சரிதான். அப்படியானால் "கல் வா" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் எப்போது போவீர்கள்?